‘சந்ததி’யும் ‘தலைமுறை’யும்: மத்தேயு 24:34-இன் தமிழாக்கங்களும் இறுதிக்கால விளக்கங்களும்

கிறித்தவ மறைநூலின் இறுதிக்காலப் பகுதிகளைக் குறித்துத் தமிழில் நிகழும் விவாதங்கள் பெரும்பாலும் கிரேக்க மூலத்தைப் பற்றியனவாகவோ, ஆங்கில விளக்கநூல்களைப் பற்றியனவாகவோ அமைகின்றன. வாசகரின் கையிலிருக்கும் தமிழ்ச்சொல் அவ்விவாதத்தில் என்ன வேலை செய்கிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மத்தேயு நற்செய்தியின் 24-ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு சொற்களை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. டொரன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில், தமிழர் கூடும் ஒரு வேதபாட வகுப்பில் தோன்றியது. மூத்தோர் பழைய திருப்புதலை வைத்திருந்தனர். கத்தோலிக்கப் பின்னணியிலிருந்து வந்த இருவர் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வைத்திருந்தனர். இங்கேயே பிறந்து வளர்ந்த இளையோரிடம் ஆங்கில நூல்கள் இருந்தன. எருசலேம் ஆலயம் இடிபடுவதையும் அதனைத் தொடரும் துயரங்களையும் இயேசு விவரித்த பின், இவையெல்லாம் நிகழுமுன் எது ஒழிந்துபோகாது என்று கூறுகிறார்? பழைய திருப்புதலில் ‘சந்ததி’. பொது மொழிபெயர்ப்பில் ‘தலைமுறை’. ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு மூத்தோரும் இளையோரும் வெவ்வேறு காலங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர் என்பது அரைமணி நேரத்திற்குப் பின்னரே எங்களுக்குப் புலப்பட்டது. மூத்தோருக்கு அது இனி வரப்போவது. இளையோருள் சிலருக்கு அது கி.பி. 70-இல் முடிந்துபோனது. இருதரப்பினரும் தத்தம் நூலுக்கு உண்மையாகவே இருந்தனர்.

‘சந்ததி’ சுமக்கும் மூன்று சொற்கள்

மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் ‘கெனெயா’. ஒரே காலத்தில் வாழும் மாந்தர் தொகுதி என்பதே நற்செய்திகளில் அதன் இயல்பான பொருள். பழைய திருப்புதல் இச்சொல்லை ஒரே முறையில் பெயர்க்கவில்லை. மத்தேயு 1:17-இல் ஆபிரகாம் முதல் கிறிஸ்து வரையிலான வரிசையைப் பதினான்கு பதினான்காக எண்ணுமிடத்தில் அதே சொல் ‘தலைமுறை’ ஆகிறது. 11:16, 23:36, 24:34 ஆகிய இடங்களில் ‘சந்ததி’ ஆகிறது. 12:39-இல் ‘சந்ததியார்’ ஆகிறது. எண்ணும்போது தலைமுறை, கண்டிக்கும்போது சந்ததி என்று ஒரு வேறுபாடு இதில் இழையோடுவதைக் காணலாம்.

இதைவிடச் சிக்கலானது, ‘சந்ததி’ என்னும் சொல் வேறு இரண்டு கிரேக்கச் சொற்களுக்கும் நிகராக நிற்பது. கலாத்தியர் 3:16-இல் ஆபிரகாமின் ‘சந்ததி’ என்று வருவது ‘ஸ்பெர்மா’, அதாவது வித்து. 1 பேதுரு 2:9-இல் தெரிந்துகொள்ளப்பட்ட ‘சந்ததி’ என்று வருவது ‘கெனொஸ்’, அதாவது இனம். காலத்தால் ஒன்றுபட்டவர், குருதியால் ஒன்றுபட்டவர், இனத்தால் ஒன்றுபட்டவர் ஆகிய மூவரும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றனர். கலாத்தியரைப் பயின்ற வாசகர் மத்தேயு 24:34-க்கு வரும்போது, அங்குள்ள சந்ததியை ஆபிரகாமின் வழிவந்தோர் என்று கொள்வது பிழையான வாசிப்பு அன்று. அவர் கையிலுள்ள நூல் கற்பித்த வாசிப்பே அது.

தமிழ் வழக்கும் அவரை அத்திசையிலேயே செலுத்துகிறது. ‘சந்ததி’ என்பது தொடர்ச்சியைக் குறிக்கும் வடசொல். செப்பேடுகளில் நிலக்கொடை ‘சந்ததிப் பிரவேசமாய்’ வழங்கப்படும்போது அது ஒரு தலைமுறையோடு முடிவதன்று. முடியாமல் நீள்வதே அச்சொல்லின் கருத்து. சந்ததியற்றுப் போனான் என்று ஊரார் கூறுவதும் அப்பொருளிலேயே. ‘தலைமுறை’யோ எண்ணத்தக்கது, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவது. எனவே ‘இந்தச் சந்ததி ஒழியாது’ என்பதும் ‘இந்தத் தலைமுறை ஒழியாது’ என்பதும் தமிழ்ச் செவிக்கு ஏறக்குறைய எதிரெதிரான கூற்றுகள். முன்னது நிலைபேற்றைக் கூறுகிறது. பின்னது கெடு விதிக்கிறது.

இதனைக் கொண்டு பழைய திருப்புதலின் ஆசிரியர்கள் ஓர் இறையியல் கட்சியைச் சார்ந்து இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாடலை நோக்குக. 48-ஆம் வசனத்தில் ‘கெனெயா’ ‘சந்ததிகள்’ என்றும், இரண்டு வசனங்கள் கழித்து 50-இல் அதே சொல் ‘தலைமுறை தலைமுறை’ என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. அங்கே எக்கட்சியும் இல்லை. 1871-இல் முழுமையாக வெளிவந்த இத்திருப்புதலுக்குத் தலைமை தாங்கிய ஹென்றி பவர், சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தை 1868-இல் உரையுடன் பதிப்பித்தவர். தமிழ்ச்சொற்களின் நிழலை அறியாதவர் அல்லர். அவருக்கு இரு சொற்களும் மாற்றாக வழங்கத்தக்கனவாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் மொழிபெயர்ப்பாளரின் கருத்து வேறு, மொழிபெயர்ப்பின் விளைவு வேறு.

இனம் என்னும் விளக்கத்தின் வரலாறு

‘கெனெயா’வை இனம் என்று கொள்ளும் விளக்கம் பழமையானது. நான்காம் நூற்றாண்டில் ஜெரோம், இது மனித இனம் முழுவதையுமோ, சிறப்பாக யூத இனத்தையோ குறிக்கலாம் என்றார். அவர் காலத்தவரான கிறிசொஸ்தோம், காலத்தாலன்றி வழிபாட்டு நெறியால் ஒன்றுபட்ட நம்பிக்கையாளரையே இது சுட்டும் என்றார். இருவருக்கும் நெருக்கடி ஒன்றே: அத்தலைமுறை மறைந்துவிட்டது, மானிட மகனின் வருகை நிகழவில்லை.

1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கக்குறிப்பு விவிலியம் இவ்விளக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இனம், குடி, வழிமரபு என்பனவே ‘கெனெயா’வின் முதற்பொருள் என்று அக்குறிப்பு கூறிற்று. 1984-ஆம் ஆண்டின் புதிய பன்னாட்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் ‘இனம்’ என்பது மாற்றுப்பொருளாக அடிக்குறிப்பில் இடம்பெற்றது. ஆங்கில வாசகருக்கு அடிக்குறிப்பில் கிடைத்தது பழைய திருப்புதலின் வாசகருக்கு மூலபாடத்திலேயே கிடைத்துவிட்டது. ஸ்கோஃபீல்டின் கருத்துகள் பேச்சாளர் வழியே தமிழுக்கு வந்தபோது எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

வரலாற்று முறையில் பயின்ற ஆய்வாளர் பலர் ‘தலைமுறை’ என்னும் பொருளையே ஏற்றனர். ஆனால் அதிலிருந்து அவர்கள் பெற்ற முடிவுகள் வேறுபட்டன. 1906-இல் ஆல்பர்ட் சுவைட்சர், இயேசு உடனடி முடிவை எதிர்நோக்கினார், அது வரவில்லை என்று எழுதினார். 1935-இல் சி. எச். டாட், இறையாட்சி இயேசுவின் பணியிலேயே வந்துவிட்டது என்று வாதிட்டார். சி. எஸ். லூயிஸ் இவ்வசனத்தை மறைநூலிலேயே மிகவும் சங்கடம் தருவதென்று ஒப்புக்கொண்டார், அந்நேர்மை போற்றத்தக்கது. என். டி. ரைட் 1996-இல் வெளியிட்ட நூலில், மேகங்கள்மீது வருதல் தானியேல் 7:13-இன் மொழி என்றும், அங்கே மானிட மகன் மண்ணுக்கு இறங்கவில்லை, தொல்லூழியின் ஆயுளுடையவரிடம் சேர்கிறார் என்றும் சுட்டி, எருசலேமின் வீழ்ச்சியையே அப்படிமத்தின் நிறைவாகக் கண்டார். அறிஞருலகில் இது முற்றிலும் புதிய வழியன்று. 1614-இல் வெளிவந்த லூயிஸ் தெ அல்காசரின் நூல் திருவெளிப்பாட்டின் பெரும்பகுதியை முதல் நூற்றாண்டுகளிலேயே நிறைவேறியதாக விளக்கியிருந்தது. அவருடைய சபையினரேயான ரிபேரா சில பத்தாண்டுகளுக்கு முன் அதற்கு நேர்மாறாக எதிர்காலத்திற்குரியதாக விளக்கியிருந்தார். இன்று ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கும் இருதரப்பினருக்கும் இயேசு சபையில் மூதாதையர் உண்டென்பது சுவையான செய்தி.

இனம் என்னும் விளக்கத்திற்கு எதிராக இலக்கணச் சான்றுகள் பல கூறப்படுவதுண்டு. எனக்கு முதன்மையானதாகத் தோன்றுவது வேறொன்று. முந்திய அதிகாரத்தில், மத்தேயு 23:35-36-இல், ஆபேல் முதல் சிந்தப்பட்ட நீதிமான்களின் இரத்தப்பழி ‘இந்தச் சந்ததி’யின்மேல் வரும் என்று கூறப்படுகிறது. சொல் ஒன்றே, சுட்டு ஒன்றே, இடையில் இருப்பது ஓர் அதிகாரப் பிரிவு மட்டுமே. அதுவும் மூலத்தில் இல்லாதது. 24:34-இல் சந்ததி யூத இனம் என்றால், 23:36-இலும் அது யூத இனமாதல் வேண்டும். அப்போது இரத்தப்பழி ஒரு காலத்தின் தலைவர்களைவிட்டு, பிறக்கப்போகும் குழந்தைகள் உட்பட ஒரு மக்களினம் முழுவதன்மேலும் என்றென்றைக்குமாக விழுகிறது. ஐரோப்பாவில் யூதர் நூற்றாண்டுதோறும் வேட்டையாடப்பட்டபோது ஓதப்பட்ட நியாயம் இதுவே. 24-இல் இஸ்ரயேலின் நிலைபேற்றைப் போற்றும் நண்பர்கள் 23-இல் அச்சொல்லின் பொருளை ஓசையின்றி மாற்றிக்கொள்கின்றனர். இரண்டையும் ஒருசேர ஏற்கத் துணியாதவர் இரண்டையும் ஒருசேரக் கைவிடுதலே முறை.

அத்திமர உவமையை 1948-இல் பிறந்த இஸ்ரயேல் நாட்டோடு இணைத்து, ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டு என்று கணக்கிட்ட ஹால் லின்ட்சேயின் 1970-ஆம் ஆண்டு நூலைப் பற்றி நெடிது உரைக்க வேண்டியதில்லை. 1988 கடந்துவிட்டது. லூக்கா 21:29 அத்திமரத்தோடு மற்றெல்லா மரங்களையும் சேர்த்துக் கூறுவதே அவ்விளக்கத்திற்குப் போதிய மறுப்பு. மேலும், குளிர்காலத்தில் இலையுதிர்த்து வேனிலுக்குமுன் துளிர்க்கும் பாலஸ்தீன அத்தி வேறு. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் நம் அத்தி வேறு. துளிரைக் கண்டு பருவம் அறியும் எளிய உவமை தமிழ் வாசகருக்குப் புதிராக மாறியதற்கு இவ்வேறுபாடும் துணைசெய்திருக்கலாம்.

‘உலக முடிவு’

இதுவரை கூறியவற்றால் பொது மொழிபெயர்ப்பின் ‘தலைமுறை’யே சரி என்று தோன்றும். சரியே. ஆனால் அதனால் சிக்கல் தீரவில்லை, கூடுகிறது. காரணம் 24:3-இல் இருக்கிறது.

சீடர் கேட்கும் கேள்வியில் வரும் கிரேக்கத் தொடர் ‘அயோன்’ என்பதன் ‘சுன்தெலெயா’. முன்னது காலம், யுகம், பின்னது நிறைவுறுதல். பழைய திருப்புதலும் பொது மொழிபெயர்ப்பும் இவ்விடத்தில் ஒன்றுபட்டு ‘உலகம்’, ‘முடிவு’ என்றே பெயர்த்துள்ளன. ‘காஸ்மொஸ்’ என்பதற்கும் உலகம், ‘அயோன்’ என்பதற்கும் உலகம். பவர் குழுவினர் ‘அயோன்’ மண்ணுலகமன்று என்பதை அறியாதவர் அல்லர். மத்தேயு 12:32-இல் அதே சொல்லை ‘இம்மை’, ‘மறுமை’ என்று அழகுறப் பெயர்த்துள்ளனர். 24:3-இல் மட்டும் அக்கூர்மை மழுங்கிவிட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். பழைய திருப்புதலின் வாசகர், உலகம் முடியுமட்டும் யூத வழிமரபு ஒழியாது என்று படிக்கிறார், முரண்பாடு இல்லை. பொது மொழிபெயர்ப்பின் வாசகர், உலகம் முடியுமட்டும் அத்தலைமுறை ஒழியாது என்று படிக்கிறார். உலகம் முடியவில்லை, தலைமுறை ஒழிந்தது. அதாவது, ஒரு சொல்லைத் திருத்திய மொழிபெயர்ப்பு மற்றொரு சொல்லைத் திருத்தாமையால், பொய்த்துப்போன முன்னறிவிப்பு ஒன்றை வாசகர் கையில் தருகிறது. பழைய திருப்புதலில் இரு பிழைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. புதியதில் ஒன்று நீங்கவே மற்றது வெளிப்பட்டு நிற்கிறது. ‘கெனெயா’, ‘அயோன்’ ஆகிய இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் தனித்தனியே தீர்மானிக்க இயலாது. இவ்விரண்டையும் இணைத்து நோக்காமையே இதுவரையிலான தமிழ் விவாதத்தின் அடிப்படைக் குறை என்பது என் கருத்து.

யுகம் என்னும் சொல் தமிழில் இருந்தும் ஏன் தவிர்க்கப்பட்டது? கலியுகம், சதுர்யுகம் என்னும் சுழற்சிக் கணக்கோடு அது பிணைந்திருந்தமை காரணமாகலாம். ‘ஊழி’ பழந்தமிழ்ச் சொல்; பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்று ஊழிகளை எண்ணுகிறது. ஆயின் அச்சொல் காலத்தை மட்டுமன்றிக் காலமுடிவின் அழிவையும் சுமப்பதால் விவாதத்தை மறுபடியும் ஒருபக்கம் சாய்த்துவிடும். ‘இக்காலத்தின் நிறைவு’ என்னும் எளிய தொடர் போதுமானது.

நெல்லையும் திருவிதாங்கூரும்

சொல் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. பிளிமத் சகோதரர் இயக்கத்தின் தொடக்கத் தலைவர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியா வந்தார். ரேனியுஸ் ஐயரிடம் பயின்றவரும் குரோவ்ஸோடு நெருங்கிப் பழகியவருமான ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860-இல் அங்கே தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமையில் பரவிற்று. இதனைக்கொண்டு டார்பியின் கால அட்டவணை அப்படியே இறக்குமதியாயிற்று என்று எழுதுவது அவசரம். குரோவ்ஸே 1836-இல் டார்பியின் போக்கைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர்.

அடுத்த கட்டம் இன்னும் கூர்மையானது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1875-இல் திருவிதாங்கூரில் எழுந்த ஆவிக்குரிய இயக்கத்தின் தலைவராகி, ஆறாண்டுகளில், 1881-இல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று கூறும் 24:36 அவரையும் தடுக்கவில்லை; 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்த வில்லியம் மில்லரின் அமெரிக்க அடியார்களையும் தடுக்கவில்லை. 1881 கடந்தது. இயக்கம் கலையவில்லை, யுயோமயம் என்னும் பெயரில் தொடர்ந்தது. மில்லரின் அடியார்களுள் ஒருசாராரும் நாளைக் கைவிடாமல், அன்று நிகழ்ந்தது வானகத்தில் நிகழ்ந்தது என்று பொருளை மாற்றினர். பொய்த்த முன்னறிவிப்பு நம்பிக்கையை அழிப்பதைவிட விளக்கத்தையே பெருக்குகிறது. இவ்வகையில் ஜெரோமும் கிறிசொஸ்தோமும் செய்தது வேறன்று என்று ஒரு வாசகர் கூறினால் எளிதில் மறுக்க இயலாது.

முற்றுகையிடப்பட்ட நகரம்

நான் குறிப்பிட்ட வகுப்பில் இருந்தோருள் சிலர் 2009-இல் வன்னியின் கடைசிக் கரையிலிருந்து வெளியேறியவர்கள். இப்பகுதியை எத்தனையோ பேச்சாளர் அவர்களுக்கு விளக்கியிருந்தனர்: போர்களும் பஞ்சங்களும் இறுதிக்கால அடையாளங்கள், நீங்கள் கண்டது அவற்றுள் ஒன்று. அவர்களுடைய இழப்பு ஓர் அட்டவணையின் வரியாகிவிட்டது. 24:6-8 இத்தகையவற்றை முடிவு அன்று, தொடக்கம் மட்டுமே என்று கூறுவதும் அட்டவணைக்கு இடையூறாகவில்லை.

அதிகாரத்தை முதல் நூற்றாண்டு யூதேயாவில் வைத்துப் படித்தால் அதன் உருவம் மாறுகிறது. லூக்கா 21:20-இல் நகரைப் படைகள் சூழ்கின்றன. யூதேயாவில் உள்ளவர் மலைகளுக்கு ஓடவேண்டும். வீட்டின்மேல் இருப்பவர் பொருளை எடுக்க இறங்கலாகாது. கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் இரங்கல். ஓட்டம் குளிர்காலத்தில் நேராதிருக்க வேண்டுதல். இவை அண்டம் அழிவதற்கான அறிவுரைகள் அல்ல. அண்டம் அழியும்போது மலைக்கு ஓடிப் பயனில்லை, குளிர்காலமும் பொருட்டன்று. எருசலேம் கிறித்தவர் பெல்லாவுக்குத் தப்பிச்சென்றதாக யூசேபியுஸ் குறிப்பிடுகிறார். இப்பகுதி பெயர்த்துச் செல்லப்படும் மக்களுக்குப் பெயர்ச்சிக்கு முன்பே தரப்பட்ட வழிகாட்டல். வகுப்பிலிருந்த மூதாட்டி ஒருவர், இவ்வளவு காலம் இதைத் தீர்ப்பென்று நினைத்திருந்தேன், வழி சொல்வதென்று ஒருவரும் சொல்லவில்லையே என்றார். அவர் பழைய திருப்புதலைத்தான் வைத்திருந்தார். சொல் அவரைத் தடுத்திருந்தது. சூழல் அவருக்குப் புரிந்தது.

எஞ்சும் இடர்ப்பாடு

என் நிலைப்பாட்டிற்கு எதிரான வலிய சான்றை மறைத்தல் தகாது. ‘அயோனின் நிறைவு’ என்னும் தொடர் மத்தேயுவில் ஐந்து இடங்களில் வருகிறது: 13-ஆம் அதிகாரத்தின் உவமைகளில் மூன்று, 24:3, 28:20. மாற்கு 13:4-லும் லூக்கா 21:7-லும் சீடரின் கேள்வியில் இத்தொடர் இல்லை. எனவே மத்தேயு இதனைத் தெரிந்தே சேர்த்திருக்கிறார். இந்நிறைவு கி.பி. 70-இல் முடிந்ததென்றால், 28:20-இல் யுக நிறைவுமட்டும் உடனிருப்பேன் என்னும் வாக்குறுதியும் அவ்வாண்டோடு காலாவதியாகும். அதனை எத்திருச்சபையும் ஏற்காது, மத்தேயுவும் ஏற்றிருக்கமாட்டார். எல்லாம் முதல் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது என்னும் முழுநிறைவுவாதம் இவ்விடத்தில் உடைகிறது என்பதே என் கணிப்பு. 24:34-இன் ‘இவையெல்லாம்’ ஆலயத்தின் வீழ்ச்சிவரை செல்வது. 24:36-இன் ‘அந்த நாள்’ அதற்கு அப்பாற்பட்டது என்று பிரிப்போர் இவ்விடரை ஓரளவு தவிர்க்கின்றனர். ஆயினும் 29 முதல் 31 வரையிலான வசனங்களை எப்பக்கத்தில் வைப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே இணக்கம் இல்லை.

மொழிபெயர்ப்பு இத்தகைய வழக்கைத் தீர்க்க வேண்டியதில்லை. வழக்கு இருப்பதை வாசகர் காணுமாறு வைத்தால் போதும். அடுத்து வரும் பதிப்புகளில் 24:34-இல் ‘தலைமுறை’யும் 24:3-இல் ‘இக்காலத்தின் நிறைவு’ம் ஒருங்கே இடம்பெற்று, ‘உலக முடிவு’ அடிக்குறிப்புக்குச் செல்லலாம். அவ்வாறாயின் 13-ஆம் அதிகாரத்தின் அறுவடை உவமையையும் 28:20-ஐயும் அதே தொடராலேயே பெயர்க்க வேண்டியிருக்கும். வழிபாட்டில் மனப்பாடமாகிவிட்ட அக்கடைசி வசனத்தில் கைவைக்கத் திருச்சபைகள் இசையுமா என்பதே இம்முன்மொழிவின் முன்னுள்ள நடைமுறைத் தடை.